பருப்பு மேல்தளத்தில் அடித்த குக்கரை இனி நம்பலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் உங்கள் அம்மா போன வாரம் ஐந்து லிட்டர் குக்கரில் துவரம்பருப்பு வைத்திருக்கிறார். விசில் வரவே இல்லை. கால் மணி நேரம் கழித்து 'பட்' என்று ஒரு சத்தம், பருப்பு மேல்தளம் வரை அடித்திருக்கிறது. கையில் இரண்டு மூன்று இடத்தில் சுட்டு, பேஸ்ட் தடவியிருக்கிறார். கடைக்காரர் "சேஃப்டி வால்வு போயிடுச்சு, மாத்தினா சரியாயிடும்" என்கிறார். அம்மாவோ இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறார். பதினொரு வருஷத்துக் குக்கரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். மிக்ஸி மூடி ஒருமுறை பறந்ததையும், கிரைண்டரைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது என்பதையும் கடைசியில் ஒரு வரியில் சேர்த்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வி குக்கரைப் பற்றியது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அம்மா தனியாக நிற்கும் சமையலறையில் எந்தச் சாமானை நம்பலாம் என்பதுதான் விஷயம். அப்படி எடுத்துக்கொண்டால் வரிசை தலைகீழாகிவிடும். இதைப் படிக்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டு, கிரைண்டர் இருக்கும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், கை உலர்ந்திருக்கட்டும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். குக்கர் அவசரமில்லை, அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

நான் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, ஈரோட்டில் இருபத்தேழு வருஷமாகக் குக்கர், மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி ஆளும் இல்லை. உங்கள் குக்கரைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

நிச்சயமானது முதலில். உங்கள் குக்கர் 'வெடிக்கவில்லை'. மூடி இருந்த இடத்தில் இருக்கிறது, பாத்திரம் கிழியவில்லை, சேஃப்டி வால்வின் நடுவில் மட்டும் ஓட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நடுப்பகுதி குறைந்த சூட்டில் உருகும் ஓர் உலோகக் கலவை. வீட்டு ஃபியூஸ் போலத்தான், ஒருமுறை உருகினால் அதன் ஆயுள் முடிந்தது. உள்ளே சூடு அளவு மீறும்போது அது உருகி ஆவிக்கு வழி விட வேண்டும், விட்டிருக்கிறது. அந்த வழி இல்லாமல் போயிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் கடிதமே வேறாக இருந்திருக்கும்.

எவ்வளவு வேறு என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ, சூடு சுமார் 120 டிகிரி. மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அதாவது, நன்றாக வேலை செய்யும் குக்கரிலேயே முந்நூறு கிலோ எடை மூடியைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, 120 டிகிரியில் இருக்கும் தண்ணீருக்குத் திடீரென்று அழுத்தம் விலகினால் அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். மிஞ்சும் சூட்டில் ஒரு பகுதி தண்ணீர் அந்த நொடியே ஆவியாகிவிடும். இரண்டு லிட்டர் தண்ணீரிலிருந்து நூறு லிட்டருக்கு மேல் ஆவி. பருப்பை மேல்தளத்துக்குத் தூக்கிப் போனது அதுதான்.

அடுத்தது, சேஃப்டி வால்வு ஏன் உருக வேண்டி வந்தது? இங்கேதான் கடைக்காரர் பாதியில் நிறுத்திவிட்டார். வால்வை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் புது வால்வும் உருகும். "விசில் வரவே இல்லை" என்பது நல்ல தடயம். ஆனால் அதற்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, வெயிட் உட்காரும் குழாய் அடைத்திருக்கலாம். பருப்புத் தோல், நுரை காய்ந்த பொருக்கு, தக்காளித் தோல், கீரை, இதில் எது வேண்டுமானாலும் போதும். ஆவி வெளியே போக முடியாமல் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் சூடும் ஏறும், கடைசியில் வால்வு உருகும். இன்னொன்று, மூடியின் ரப்பர் வளையமான கேஸ்கெட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்திருக்கலாம். அப்படியானால் உள்ளே அழுத்தமே ஏறாது, அதனால் விசில் வராது. அம்மா விசிலுக்காகக் காத்திருப்பார், தண்ணீர் ஓரம் வழியாகவே தீர்ந்து பாத்திரம் காயும், வெறும் சூட்டில் வால்வு உருகும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். எது என்று கண்டுபிடிக்க, பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். பருப்பு அடிப்பிடித்துக் கருகியிருந்தால் தண்ணீர் தீர்ந்திருக்கிறது, கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். குழம்புபோல் தண்ணீரோடு இருந்தால் குழாய் அடைப்பு. மேல்தளம் வரை அடித்திருக்கிறது என்பதால் உள்ளே தண்ணீர் நிறைய இருந்திருக்கும், அதனால் குழாய் அடைப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் இது ஊகம். அடியைப் பார்த்த அம்மாவைக் கேளுங்கள், அவர் சொல்வதுதான் சாட்சி.

குழாயைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் குழாய் வழியாக ஒற்றைக் கண்ணால் பாருங்கள், மறுபக்க வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பாதி வட்டம் என்றால் பாதி அடைப்பு. மெல்லிய கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தி, குழாயடியில் கழுவுங்கள். இதை ஒவ்வொரு முறையும் மூடி போடுவதற்கு முன் செய்ய வேண்டும், மூன்று நொடி வேலை. எங்கள் வீட்டில் என் மனைவி குழாயில் வாய் வைத்து ஊதியே கண்டுபிடித்துவிடுவார், அதுவும் சரியான வழிதான்.

இன்னொரு பழைய பழக்கத்தை இப்போது பலர் விட்டுவிட்டார்கள். வெயிட்டைத் தனியாகத் தூக்கி வைக்கும் வகைக் குக்கரில், "ஆவி நேரா வந்தப்புறம் வெயிட் போடு" என்று நம் அம்மாக்கள் சொல்வார்கள். இன்று பெரும்பாலானவர்கள் மூடியோடு சேர்த்தே வெயிட்டையும் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். ஆவி சீராக வருவதைப் பார்த்துவிட்டுப் போடுவதில் இரண்டு லாபம். குழாய் திறந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் காற்றும் வெளியேறிவிடுகிறது. காற்று மிஞ்சினால் அதே அழுத்தத்தில் சூடு குறைவாகத்தான் இருக்கும், பருப்பும் சரியாக வேகாது.

அளவும் முக்கியம். எந்தச் சமையலானாலும் குக்கரின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு, அரிசி போல நுரைத்து உப்புகிறவை என்றால் பாதியோடு நிறுத்துங்கள். பருப்பை அடுக்குப் பாத்திரத்தில் வைத்து, அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றி வேகவிடும் வழக்கம் நல்லது, நுரை குழாய் வரை ஏறாது. ஆனால் மேல் அடுக்கு மூடியை முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, அது குழாயின் வாயையே அடைத்துவிடும். நேரடியாகக் குக்கரில் வேகவைத்தால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், நுரை அடங்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பெரிய தீ வைத்தால் சூடு கூடப் போவதில்லை, தண்ணீர்தான் ஆவியாக வீணாகும், கூடவே நுரையும் மேலே வரும்.

வெயிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது சும்மா விசில் அடிக்கும் பொம்மை இல்லை. குழாயின் துளையும் வெயிட்டின் எடையும் ஜோடி. துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால் அதன் மேல் 70 கிராம் உட்கார்ந்தால் உள்ளே ஒரு கிலோ அழுத்தம் நிற்கும். வேறு கம்பெனியின் கனமான வெயிட்டைப் போட்டால் அழுத்தமும் அதே கணக்கில் ஏறும். விசில் சத்தம் பிடிக்காமல் அதன் மேல் கரண்டியை வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். (இந்த வெயிட்டின் பாட்டன் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் செய்தது. 1679-இல் லண்டனில் எலும்பைக் குழைய வேகவைக்கும் பாத்திரத்தைக் காட்டியவர், வெடிக்காமல் இருக்க எடை தொங்கவிட்ட வால்வையும் அதற்கென்று உருவாக்கினார்.)

நான் உண்மையிலேயே பயப்படும் குக்கர் வேறு வகை. சில வருஷத்துக்கு முன் ஓர் அம்மா கேஸ்கெட் மாற்றக் குக்கர் கொண்டுவந்தார். மூடியைத் திருப்பினால் சேஃப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டும் நட்டும் வாஷரும். வால்வு அடிக்கடி போகிறது என்று வீட்டில் யாரோ 'நிரந்தரமாக' சரிசெய்திருக்கிறார்கள். எம்-சீல் வைத்து அடைத்தவர்களும் உண்டு. குழாய் அடைத்த ஒருநாள் அந்த முந்நூறு கிலோ ஐந்நூறாகும், அறுநூறாகும், வழி மூடி ஒன்றுதான். அந்தக் குக்கரை நான் திருப்பித் தரவில்லை என்று சண்டை வந்தது. பேசிச் சமாதானமாகி, புது மூடி வாங்கிக்கொண்டு போனார்.

ஆக, தூக்கிப் போடலாமா என்பதற்கு என் பதில்: பாத்திரத்தைத் தட்டையான கல்லின் மேல் வையுங்கள். ஆடினால், அடி உப்பியிருந்தால், அது பலமுறை காய்ந்த பாத்திரம், போகட்டும். மூடியின் விளிம்போ பாத்திரத்தின் விளிம்போ வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்த வேண்டாம், அதுவும் போகட்டும். கைப்பிடி திருகு இறுகுகிறது, மூடி வழக்கமான இடத்தில் பூட்டுகிறது, அடி தட்டை என்றால் பதினொரு வருஷம் ஒரு வயதே இல்லை. கேஸ்கெட், சேஃப்டி வால்வு இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், வெயிட் அந்தக் குக்கருக்கு உரியதுதானா என்று பாருங்கள். கேஸ்கெட் தளர்ந்தால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் போடும் வித்தை அன்றைய சமையலை முடிக்க உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். ரப்பரை இரண்டாக மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா, அது முடிந்தது. பாகங்களைக் கம்பெனியின் சொந்த சர்வீஸ் கடையில், உறையோடு வாங்குங்கள். போலி சேஃப்டி வால்வு எந்தச் சூட்டில் உருகும் என்பதைக் கண்ணால் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது. புதுக் குக்கரே வாங்குவதாக இருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து அது கட்டாயம், ஆன்லைனில் வாங்கினாலும்தான்.

திறக்கும்போது நடக்கும் விபத்துகள் தனி. வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விடுவது பருப்புக்கு ஆகாது, நுரையோடு பீய்ச்சும். தானாக அடங்கட்டும். அவசரம் என்றால் வெயிட்டைத் தொடாமல் குக்கரைக் குழாயடியில் வைத்து மூடி மேல் தண்ணீர் விடுங்கள். அடங்கிய பிறகு வெயிட்டைத் தூக்கினால் சத்தமே வரக் கூடாது, மூடி சிரமமில்லாமல் திரும்ப வேண்டும். முரண்டு பிடித்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள், பலம் காட்ட வேண்டாம். பொங்கல், கெட்டிப் பருப்பு என்றால் திறப்பதற்கு முன் குக்கரை லேசாக ஒருமுறை குலுக்கிவிடுங்கள். அடியில் சூடு தேங்கி, மூடி திறந்த பிறகு கொப்பளித்துத் தெறிக்கும் ஆபத்து குறையும்.

அம்மாவின் கைக்கு: பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம். அடுத்த முறை யாருக்குச் சுட்டாலும் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டச் சொல்லுங்கள், ஐஸ் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ டாக்டர்தான். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. இன்னொன்று, அப்படிப் பருப்பு கொட்டிய நாளில் அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கலாம். முதல் வேலை ரெகுலேட்டரை மூடுவது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் லைட் சுவிட்சையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும். பர்னர் துளைகளில் பருப்பு காய்ந்து அடைத்திருக்கும், எடுத்துக் கழுவிவிடுங்கள்.

மிக்ஸி சீக்கிரம் முடிந்துவிடும். மூடி பறந்தது தக்காளியை வதக்கிய சூட்டோடு போட்டதால்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். பிளேடு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும்போது சூடான விழுது முழுவதும் ஒரே நொடியில் சிதறி, ஜாருக்குள் இருக்கும் காற்றையும் சூடாக்கி ஆவியையும் கிளப்பும். விரிவதற்கு இடமில்லை, மூடி கிளம்பும். ஆறவைத்து, பாதி ஜாருக்கு மேல் போகாமல், முதலில் விட்டு விட்டு ஓட்டச் சொல்லுங்கள். மிக்ஸி திடீரென்று நின்றால் ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம். அடியில் சிவப்புப் பட்டன் இருக்கும், மோட்டார் ஆறியதும் அழுத்தினால் ஓடும். ஆனால் தினமும் நின்றால் ஜாரின் அடியில் பிளேடு தண்டைத் தாங்கும் புஷ் இறுகியிருக்கலாம். ஜாருக்கு அடியில் கறுப்புத் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள், கசிந்தால் அதே புஷ்தான். பிளக்கைப் பிடுங்காமல் ஜாருக்குள் கையோ கரண்டியோ போகக் கூடாது. இதைச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், இருந்தும் என் கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் விரலில் தழும்பு இருக்கிறது.

இப்போது கிரைண்டர். குக்கர் சத்தம் போட்டதால் அதற்குக் கேள்வி எழுதினீர்கள், சுர்ரென்பதற்கு ஒரு வரிதான் கிடைத்தது. எனக்குத் தூக்கம் கெடுவது அந்த வரியால். மாவு வழிந்து, கழுவிய தண்ணீர் இறங்கி, மோட்டார் சுற்றிலோ வயரிலோ ஈரம் ஏறினால் மின்சாரம் உடம்புக்கு, அதாவது கிரைண்டரின் உடம்புக்குக் கசியும். எர்த் சரியாக இருந்தால் அது பூமிக்குப் போயிருக்கும், அம்மாவின் கைக்கு வந்திருக்காது. ஆகவே இரண்டு கோளாறு ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்: கிரைண்டரில் கசிவு, வீட்டில் எர்த் இல்லை. பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயரே இணைத்திருக்காது. இன்னும் சில இடத்தில் மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் பாயிண்டில் சொருகியிருப்பார்கள். இன்று லேசாகச் சுர்ரென்பது, அம்மா ஈரத் தரையில் வெறுங்காலோடு, மாவுக் கையோடு நிற்கும் ஒருநாள் லேசாக இருக்காது.

டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல" என்றோ "ஷாக் அடிக்குது" என்றோ முடிவு செய்ய வேண்டாம். மிகச் சிறிய கசிவுக்கும் அந்த நியான் விளக்கு எரியும், வெளிச்சத்தில் எரிவது தெரியாமலும் போகும். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து மூன்று காரியம் கேளுங்கள்: பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று மீட்டரில் அளப்பது, கிரைண்டரின் இன்சுலேஷனை மெக்கர் என்ற சோதனைக் கருவியில் பார்ப்பது, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போடுவது. மூன்றாவது இருந்தால், அந்தக் கசிவு ஆள் வழியாகப் பாய்ந்தாலும் நொடியின் சிறு பகுதியிலேயே மின்சாரம் துண்டிக்கப்படும். உங்கள் வீட்டில் செலவு செய்ய ஒரே ஒரு இடம்தான் என்றால் புதுக் குக்கருக்குப் பதில் நான் அதைத்தான் போடுவேன்.

அம்மா மறுபடி குக்கரைத் தொட, அறிவுரை எதுவும் சொல்லிப் பார்க்காதீர்கள், பலிக்காது. புதுக் கேஸ்கெட், புது வால்வு போட்ட பிறகு நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் வெறும் தண்ணீர் இரண்டு டம்ளர் ஊற்றி அவர் முன்னால் அடுப்பில் வையுங்கள். பருப்பு வேண்டாம். ஆவி நேராக வருவதை அவர் பார்க்கட்டும், வெயிட்டை அவர் கையாலேயே போடட்டும். சில நிமிஷத்தில் விசில் வந்து, மூடி ஓரத்தில் ஒரு சொட்டும் கசியாமல் இருந்தால் குக்கர் சரி. அப்புறம் மறுநாள் பருப்பு. சேஃப்டி வால்வு வாங்கும்போது இரண்டாக வாங்கி, ஒன்றை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு வையுங்கள். இன்னொரு நாள் உருகினால் அந்த ஓட்டையை வேறு எதையாவது வைத்து அடைக்க யாருக்கும் தோன்றாது.